முழங்கால் ஒரு செருப்பன்று

"மூட்டுத் தேய்ந்துவிட்டது" என்னும் சொல்லைக் கேளாத வீடு நம் பங்குகளில் இன்று ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே. ஐம்பதைக் கடந்த அன்னையர் அதைச் சொல்கின்றனர். கடல் தொழிலில் மூத்த பெரியவர்கள் சொல்கின்றனர். மருத்துவமனைக்குப் போய் வந்தவரும் போகாதவரும் அந்த ஒரே சொல்லையே சொல்கின்றனர். நாள்தோறும் அணியும் செருப்பின் அடி தேய்வது போல, பல்லாண்டுகள் நடந்த முழங்காலும் தேய்ந்து போகின்றது என்பது நம் மக்களின் எண்ணம். அந்த எண்ணத்திலிருந்து இன்னொரு முடிவும் தானாகவே பிறக்கின்றது. நடந்தாலே தேய்வது, ஓடினால் இன்னும் விரைவாகத் தேயாதோ? ஆகவே ஓடி முழங்கால் நொந்தவனைக் கண்டால், "யார் உன்னை ஓடச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம்.

இத்தீர்ப்புச் சரியானதன்று. ஓட்டத்தால் முழங்கால் வலி வருவது உண்மை. ஆனால் அவ்வலிக்குப் பொருள் 'தேய்ந்துவிட்டது' என்பதன்று. இதனை நாம் இரண்டு முழங்கால்களிடமிருந்து கற்றோம். ஒன்று நமது, மற்றொன்று நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞனுடையது. கற்றதைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று நம்பியே இதனை எழுதுகின்றோம்.

நமது ஐம்பத்து மூன்றாம் வயதில் செய்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் அளவு எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்ததோடு நில்லாமல், "ஃபாதர், மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும். மீதியை உங்கள் கால்கள்தாம் செய்ய வேண்டும்" என்றார். அன்று முதல், காலைத் திருப்பலிக்கு முன்னர்ப் பள்ளி மைதானத்தில் நடக்கத் தொடங்கினோம். சில மாதங்களில் நடை விரைந்தது. விரைந்த நடை மெல்லோட்டமாயிற்று. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு இரண்டு கிலோமீட்டர், அவ்வளவே. உடல் இலேசானது, உறக்கம் ஆழ்ந்தது, அடுத்த பரிசோதனையில் சர்க்கரையும் இறங்கி வந்தது.

பின்னர் ஐப்பசி மழை வந்தது. மைதானத்தில் நீர் தேங்கவே, ஓட்டம் சிமென்ட் சாலைக்கு மாறியது. அச்சாலை பாலத்தருகே ஏறி இறங்குவது. மூன்றாம் வாரத்தில் வலது முழங்காலின் முன்புறத்தில் ஒரு வலி தோன்றியது. இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட இயலாத வலி அது. சமதரையில் நடக்கையில் தெரியவில்லை. படியிறங்கும்போது தெரிந்தது. பேருந்தில் கால் மடக்கி நெடுநேரம் அமர்ந்து எழும்போது தெரிந்தது. பீடத்தின் முன் வலது முழங்காலைத் தரையில் ஊன்றும்போது மிகத் தெளிவாகவே தெரிந்தது. பீடத்தில் நிற்பவனின் நோவு ஊராருக்கு மறையாது. இரண்டாம் ஞாயிறன்றே விசாரிப்புகள் தொடங்கிவிட்டன.

"சாமி, இந்த வயசுல ஓடலாமா? ஓடின காலு தேயாம என்ன செய்யும்?" என்று கடிந்துகொண்ட பாட்டி ஒருவர், மறுநாள் ஒரு குப்பி தைலம் கொண்டுவந்து தந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மூன்று மாதம் மாடிப்படியே ஏறக் கூடாது என்றார். இன்னொருவர், வலியைப் பொருட்படுத்தாமல் ஓடினால் தானே ஓடிவிடும் என்றார். மருந்துக் கடையில் கேட்டாலே நல்ல மாத்திரை தருவார்கள் என்றார் வேறொருவர். அனைத்தும் அன்பின் குரல்களே. ஆயினும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனவே மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் முழங்காலைச் சோதித்து, வீக்கம் இல்லை, மூட்டு உறுதியாக இருக்கின்றது என்று கூறி, இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார்.

அங்கிருந்த அம்மையார் நம்மினும் இருபது வயது இளையவர். ஒற்றைக் காலில் நின்று மெல்ல முழங்காலை மடக்கச் சொன்னார். வலது காலில் நின்றபோது முழங்கால் உட்புறமாகச் சாய்வதை நமக்கே கண்ணாடியில் காட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஃபாதர், வலி வருவதற்கு முந்திய ஒரு மாதத்தில் உங்கள் ஓட்டத்தில் எது மாறியது?" தரை மாறியது, ஏற்ற இறக்கம் சேர்ந்தது என்றோம். "அப்படியானால் இது தேய்மானம் இல்லை. உங்கள் முழங்கால் புதிய சுமைக்கு இன்னும் பழகவில்லை என்று சொல்கின்றது, அவ்வளவுதான்" என்றார். மருத்துவ உலகில் இதற்கு 'ஓட்டக்காரர் முழங்கால்' என்றே பெயர் உண்டாம். ஓடாதவர்களுக்கும், சிறப்பாக இளம் பெண்களுக்கும், இது வருவதுண்டு.

முழங்காலின் அமைப்பைச் சற்றே அறிந்துகொண்டால் இது விளங்கும். மேலே தொடையெலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்னே முழங்காற்சில்லு. நம் தென்பகுதி மக்கள் இதனை முட்டுச் சிரட்டை என்பர். தொடையின் முன்புறத் தசை காலை நீட்டும்போது, கிணற்றுக் கயிற்றுக்குக் கப்பி போல இச்சில்லு உதவுகின்றது. தொடையெலும்பில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகின்றது. கால் மடங்க மடங்கச் சில்லு எலும்போடு அழுந்துகின்றது. நாம் நடக்கையில் முழங்கால் மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு. ஓடுகையில் அதனினும் மிகுதி. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சுமார் ஆயிரம் எட்டுகள் வேண்டும். ஆகவே சிறிய மாற்றமும் ஆயிரத்தால் பெருகிவிடுகின்றது.

இத்தனை சுமையைத் தாங்கவே அச்சில்லின் பின்புறத்தில் ஒரு குருத்தெலும்புப் பூச்சு இருக்கின்றது. மனித உடலின் மூட்டுகளில் உள்ள குருத்தெலும்புகளுள் இதுவே மிகத் தடித்தது. அதற்குள் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அப்படியானால் அது எவ்வாறு உணவு பெறுகின்றது? மூட்டினுள் ஊறும் நீரிலிருந்துதான். நீரில் கிடக்கும் பஞ்சை அழுத்தி விட்டால், விடும்போது அது நீரை உறிஞ்சுவது போல, கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகின்றது. எடுக்கும்போது நீரை ஏற்கின்றது. அதாவது, அசைவே அதற்கு உணவூட்டுகின்றது. செருப்பு உழைக்க உழைக்கத் தேய்வது. ஏனெனில் அதற்கு உயிரில்லை. முழங்கால் உயிருள்ளது. அது அளவோடு உழைத்தால் வலுப்படும். உழையாமலே இருந்தால் மெலியும்.

இஃது ஏட்டுக் கருத்து மட்டுமன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984-ஆம் ஆண்டில் நெடுந்தூரம் ஓடும் 45 பேரையும் ஓடாத 53 பேரையும் தேர்ந்து, அவர்களுடைய முழங்கால்களை எக்ஸ்ரே படம் எடுத்தனர். தொடக்கத்தில் அவர்களது சராசரி வயது 58. 2002 வரை தொடர்ந்து படமெடுத்துப் பார்த்ததில், ஓடியவர்களின் முழங்கால்கள் ஓடாதவர்களினும் மோசமாகவில்லை. மூட்டழற்சியின் அறிகுறி ஓடியோரில் 20 விழுக்காட்டினருக்கும் ஓடாதோரில் 32 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. 2017-இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து வெளியிடப்பட்ட கட்டுரையொன்று இன்னும் தெளிவானது. உடல்நலத்திற்காக ஓடுவோரில் இடுப்பு, முழங்கால் மூட்டழற்சி 3.5 விழுக்காடு, ஓடாமல் அமர்ந்திருப்போரில் 10.2 விழுக்காடு, போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுவோரில் 13.3 விழுக்காடு. மூட்டு நோவு உள்ளவர்கள் ஓட்டத்தைத் தாமே கைவிட்டிருக்கலாம் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். எனினும் 'ஓடினாலே தேயும்' என்னும் அச்சத்திற்கு இவ்வெண்கள் இடம் தரவில்லை. ஓடாமையும் நன்றன்று; வரம்பின்றி ஓடுதலும் நன்றன்று. நடுவே ஓர் அளவு இருக்கின்றது.

அந்த அளவு ஏன் தவறுகின்றது? அம்மையார் இதற்குச் சொன்ன விளக்கம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஓடத் தொடங்கியவனின் நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைகளும் அவ்வாறே. ஆனால் எலும்பும் தசைநாண்களும் குருத்தெலும்பும் பழகுவதற்குப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு முந்திக்கொள்கின்றது, முழங்கால் பிந்தி வருகின்றது. "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்வதைக் கேட்டு ஓடுகிறவனை, "நான் இன்னும் வந்து சேரவில்லை" என்று முழங்கால் பின்னாலிருந்து கூப்பிடுகின்றது. அந்தக் கூப்பாடே வலி.

நமக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை மிக எளியது. ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, குறைக்க வேண்டும். வலியே இல்லை என்பதற்குச் சுழியும், தாங்கவே இயலாத வலிக்குப் பத்தும் என்று நாமே மதிப்பெண் இட வேண்டும். ஓடும்போது இரண்டுக்கு மேல் போகக் கூடாது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்திற்குள் வலி முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்படித் திரும்பினால் அன்றைய அளவு சரி. திரும்பாவிட்டால் அடுத்த முறை குறைக்க வேண்டும். கனடாவின் கியூபெக்கில், இத்தகைய முழங்கால் வலியுள்ள ஓட்டக்காரர் 69 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்த அளவறிவைக் கற்பித்தல் மட்டுமே ஒரு குழுவுக்குத் தரப்பட்டது. மற்ற இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு இதனோடு உடற்பயிற்சியும், மற்றொன்றுக்கு ஓடும் முறையில் திருத்தமும் தரப்பட்டன. எட்டு வாரப் பயிற்சியின் இறுதியில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே வகையில் நலம் பெற்றிருந்தனர். தன் அளவைத் தான் அறிதலே பெரும் மருந்தாயிற்று.

ஆயினும் உடற்பயிற்சியை விட்டுவிட வேண்டுவதில்லை. இடுப்பும் தொடையும் வலுவானால் முழங்காலின் சுமை குறையும். நாம் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தவை நான்கு. ஒருக்களித்துப் படுத்து, மேற்காலை மடக்காமல் மெல்ல உயர்த்தி இறக்குதல். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துதல். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல அமர்தல். கோவில் வாசற்படியின் தாழ்ந்த படியில் நின்று, ஒரு காலைக் கீழே தொடுமளவு இறக்கி மீண்டும் ஏற்றுதல். ஒவ்வொன்றும் பத்து முறை. இரண்டு அல்லது மூன்று சுற்று. இதனோடு, ஓடும்போது எட்டினைச் சற்றே குறுக்கி, நிமிடத்திற்கு வைக்கும் எட்டுகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டச் சொன்னார். நீண்டு பாயும் எட்டைவிடக் குறுகிய எட்டு முழங்காலுக்கு இதமானது என்பது சோதித்து அறியப்பட்ட செய்தி. பத்து வாரங்களில் பீடத்தின் முன் முழங்கால் தடையின்றி மடங்கியது.

பனிக்கட்டி வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்னும் நால்வகை முறையை 1978-இல் தம் விளையாட்டு மருத்துவ நூலில் பரப்பியவர் கேப் மிர்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். 2014-இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வலி மிகுந்தபோது சிறிது நேரம் வைத்துக்கொள்வதால் இதம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். தைலமும் அத்தகையதே. பாட்டி தந்த குப்பியை நாம் மறுக்கவில்லை. தடவிக்கொண்டோம், பயிற்சியையும் செய்தோம். ஆனால் வலிநீக்கி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது கேடு. அது முழங்காலின் குரலை அடைத்துவிடுகின்றது; நோயை நீக்குவதில்லை. டைக்ளோஃபீனாக் போன்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் உண்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதில் மிகுந்த எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

இனி, அந்த இளைஞனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வை முடித்து, உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்புப் பெற்றிருந்தான். வயது வரம்பு அவனை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் அது கடந்துவிடும். கணவரை இழந்து, தலையில் மீன்கூடை சுமந்து ஊர் ஊராக விற்று அவனை வளர்த்தவர் அவன் தாய். தேர்வுக்கு ஏழு வாரங்கள் இருக்கையில் ஒரு மாலை அவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, அவன் ஓடலேன்னா வேலை போயிடும்; ஓடினா காலு போயிடும். பெத்தவ நான் எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் திண்ணையில் வைத்தபடி நின்றார். மறுமொழி எளிதில் வரவில்லை. "நாளைக் காலையில் தம்பியை அனுப்பும்மா; பேசிப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னோம்.

வந்தவனிடம் அம்மையார் கேட்ட அதே கேள்வியைக் கேட்டோம். அழைப்புக் கடிதம் வந்த நாள் முதல் அவன் காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருந்தான். நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர். அதுவும் கடற்கரையின் சரிவில், எப்போதும் ஒரே திசையில். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும். அதன்பின் இருநூறு தோப்புக்கரணம்; அதன்பின் குந்தியபடியே நகரும் வாத்து நடை. ஓய்வு நாள் என்று ஒன்று அவனுக்கு இல்லை. இரண்டு வாரமாக முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியிருக்கின்றான். "வலிக்கிறது என்று சொன்னால் பயந்தவன் என்பார்கள், ஃபாதர்" என்றான்.

நாம் அவனை அதே அம்மையாரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முழங்காலைச் சோதித்த பின் காகிதமும் பென்சிலும் எடுத்தார். "தேர்வில் எவ்வளவு ஓட வேண்டும், தம்பி?" "1500 மீட்டர், மேடம். 7 நிமிடத்தில்." "அப்படியானால் 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. அதாவது 100 மீட்டருக்கு 28 நொடி. மூன்றே முக்கால் சுற்று. இதற்கு நாள்தோறும் பத்து கிலோமீட்டர் எதற்கு?" அவன் அக்கணக்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அதுவரை அவனுக்குப் பயிற்சி கூறியவர்கள் எவரும் அக்கணக்கைப் போட்டுக் காட்டவில்லை.

ஏழு வாரத்திற்கு ஒரு திட்டம் வகுத்துத் தந்தார். கட்டும் மாத்திரையும் நீங்கின. வாத்து நடை நின்றது. கடற்கரையை விட்டுப் பள்ளி மைதானத்திற்கு வந்தான். முதல் இரண்டு வாரம், இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என மாறி மாறி, மொத்தம் இருபது நிமிடம். வாரத்தில் நான்கு நாள். வலிக்கு அவனே மதிப்பெண் இட்டு ஒரு பழைய நோட்டில் எழுதி வந்தான். மூன்றாம் வாரம் முதல் 400 மீட்டர்களாகப் பிரித்து, தேர்வின் வேகத்தில் ஓடி, இடையில் நடந்து இளைப்பாறினான். ஓடாத நாட்களில் இடுப்புக்கும் தொடைக்குமான பயிற்சிகள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. நான்காம் வாரத்தில் ஒருநாள் மதிப்பெண் ஐந்துக்கு ஏறியது. அவன் முகம் வாடியது. அம்மையார் சொன்னபடி இரண்டு நாள் குறைத்துக்கொண்டான், மீண்டும் இறங்கியது. அந்த இரண்டு நாள் பொறுத்திருந்ததுதான் தனக்கு எல்லாவற்றிலும் கடினமாய் இருந்தது என்று பின்னர் நம்மிடம் கூறினான்.

தேர்வு நாளில் 1500 மீட்டரை 6 நிமிடம் 34 நொடியில் முடித்தான். கட்டு இல்லை, மாத்திரை இல்லை. தாய் அன்று சந்தைக்குப் போகவில்லை. ஆனால் எல்லா மதிப்பெண்களையும் கூட்டி வெளியிட்ட இறுதிப் பட்டியலில் அவன் பெயர் இடம்பெறவில்லை; எழுத்துத் தேர்வின் சில மதிப்பெண்கள் குறைந்துவிட்டன. இதனை மறைத்து இனிய முடிவொன்றை எழுத நமக்கு மனமில்லை. அவன் கலங்கியது உண்மை, தாயும் கலங்கினார். எனினும் அவர் நம்மிடம் வந்து, "வேலை கெடைக்கலே சாமி. காலு கெடைச்சுது; அதை வெச்சு பொழைச்சுக்குவான்" என்றார். இன்று அவன் ஒரு தனியார் நிறுவனத்தில் பணியாற்றுகின்றான். மாலைப்பொழுதில் பள்ளி மைதானத்தில் பங்கின் இளைஞர்களும் இளம்பெண்களுமாகப் பதின்மருக்கு மேற்பட்டோரைத் தேர்வுக்குப் பயிற்றுகின்றான். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு வாங்கச் சொல்கின்றான்.

எல்லா முழங்கால் வலியும் ஒன்றன்று என்பதையும் வாசகர்கள் அறிதல் வேண்டும். சில்லைச் சுற்றியும் பின்னும் நோவது நாம் மேலே கூறியது. முழங்காலின் வெளிப்புறத்தில், ஓடத் தொடங்கிக் குறித்த தூரம் சென்றதும் குத்துவது, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை செல்லும் நாரின் நோவு. சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில் நோவது, தாவுதலாலும் குதித்தலாலும் தசைநாணுக்கு வரும் நோவு. பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட, விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு, சில்லுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டில் வீங்கி வலிப்பதுண்டு. ஆஸ்குட், ஷ்லாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் 1903-இல் தனித்தனியே இதனை விவரித்தனர். இது வளரும் வயதின் நோவு. விளையாட்டைக் குறைத்து, வளர்ச்சி முடியும் வரை பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே தீரும். விளையாட்டு விழாவுக்காகப் பிள்ளைகளைப் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை நினைவில் கொள்ளுதல் நன்று.

ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் பொறுத்திருத்தல் ஆகாது. கால் திருகியவுடன் முழங்கால் பெரிதாக வீங்குதல். நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொள்ளுதல். நடக்கையில் திடீரென நழுவி மடங்குதல். காலை ஊன்றவே இயலாமை. மூட்டுச் சிவந்து காய்ச்சல் காணுதல். ஓய்விலும் இரவிலும் நீங்காத வலி. எலும்பின் ஓரிடத்தில் விரல் வைத்தால் துடிக்கும் நோவு. இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தடவுவதும் நீவுவதும் அப்போது வேண்டா.

மூட்டழற்சி உண்மையாகவே உள்ள மூத்தோருக்கும் இச்செய்தியில் ஆறுதல் உண்டு. அவர்கள் ஓட வேண்டுவதில்லை. ஆனால் அசைவை விட்டுவிடுதலும் கூடாது. அளவான நடையும், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியும் அவர்களுக்கும் மருந்தே. உடல் எடை மிகுந்து முழங்கால் மூட்டழற்சியும் உள்ள முதியோரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகின்றது. திருப்பலியில் முழந்தாளிட இயலாமற்போனதை எண்ணி வருந்தும் பாட்டிமார் நம் பங்கில் பலர். உடல்நலம் இடம் தராதவர்களுக்குத் திருச்சபையின் வழிபாட்டு நெறிமுறையே விலக்கு அளித்திருக்கின்றது. அவர்கள் மனவருத்தமின்றி நின்றோ அமர்ந்தோ மன்றாடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். உங்கள் மகனோ மகளோ ஓடிவிட்டு வந்து முழங்கால் வலிக்கின்றது என்று சொன்னால், "இனி ஓடாதே" என்றும் சொல்ல வேண்டா. "பொறுத்துக்கொண்டு ஓடு" என்றும் சொல்ல வேண்டா. அருகில் அமர்த்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த இடத்தில் வலிக்கின்றது? கடந்த ஒரு மாதத்தில் எது மாறியது? ஓடி முடித்து ஒரு மணி நேரம் கழித்து வலி எப்படி இருக்கின்றது? விடை சொல்லத் தொடங்கும்போதே பாதிச் சிகிச்சை தொடங்கிவிடும். மீதிக்கு நல்ல மருத்துவரும், பத்து வாரப் பொறுமையும் போதும்.